ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானியின் வேலையை எப்படிக் காட்டுவது?

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு விஞ்ஞானியை வரையுங்கள் என்றேன். இருபது பேர் மூக்குக்கண்ணாடி போட்ட நரைத்தலைத் தாத்தாவை வரைந்தார்கள். அவர் கையில் புகை வரும் குப்பி. மற்ற இரண்டு பேர் ராக்கெட்டை மட்டும் வரைந்தார்கள். விஞ்ஞானி என்ன வேலை செய்வார் என்று கேட்டால் 'கண்டுபிடிப்பார்' என்கிறார்கள். எதை, எப்படி என்றால் பதில் இல்லை. இந்த வயதில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பள்ளியில் ஆய்வகம் இல்லை. செலவழிக்கப் பணமும் இல்லை."

டீச்சர், இது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதல்ல. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை வெளிநாட்டுப் பள்ளிகளில் 4807 பிள்ளைகளை இதேபோல வரையச் சொல்லி, முடிவை 1983-இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் வெறும் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். அவர் கண்ட இன்னொன்றை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். மிகச் சின்னப் பிள்ளைகளின் படங்களில் வெள்ளை அங்கி, கண்ணாடி, தாடி எல்லாம் குறைவு. வகுப்பு ஏற ஏற அவை கூடிக்கொண்டே போயின. அந்தத் தாத்தாவைப் பிள்ளைகள் மனதில் கொண்டுபோய் வைப்பது நாம்தான். உங்கள் பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயது. சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளை அறிமுகம் செய்வதைத் தள்ளிவையுங்கள். முதலில் வேலையை அறிமுகம் செய்யுங்கள். கொத்தனார் என்ன செய்வார் என்று உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பத்தமடைப் பிள்ளையிடம் கேட்டால் கோரையை நனைத்து, கிழித்து, பாய் நெய்வதைக் கையை ஆட்டியே காட்டிவிடும். கண்ணால் பார்த்த வேலை அது. விஞ்ஞானியின் வேலையை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால்தான் குப்பியும் புகையும் வருகின்றன. அந்த வேலை என்ன? தெரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பது, எண்ணுவது, அளப்பது, எழுதிவைப்பது, "இப்படி இருக்குமோ" என்று ஊகிப்பது, அந்த ஊகம் சரியா என்று சோதிப்பது, பிறகு அடுத்தவரிடம் காட்டி "நீயும் பார்" என்பது. இதில் ஆறு வயதுப் பிள்ளையால் முடியாதது எதுவும் இல்லை.

முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவன் நான். முதல் பத்து ஆண்டுகள் "கண்டுபிடித்தவர் யார்?" என்று மனப்பாடம் செய்யவைத்தேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். என்னை மாற்றியது ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் ஊர்ந்த எறும்புகள்.

வாழையிலைத் துண்டுகள் நான்கில் கருப்பட்டி, சீனி, உப்பு, பச்சரிசி மாவு ஆகியவற்றை வைத்துச் சுவரோரமாக வரிசையாக அடுக்கினோம். "எறும்பு எதற்கு முதலில் வரும்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன். ஏறக்குறைய எல்லோரும் கருப்பட்டி என்றார்கள். அரைமணி நேரத்தில் கருப்பட்டியை எறும்பு மொய்த்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரே கூச்சல். வகுப்பை முடிக்கப் போன நேரத்தில், எப்போதும் கடைசியில் உட்காரும் ஒரு பையன் எழுந்து, "ஸார், எறும்புப் பொந்து கருப்பட்டிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது?" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். உண்மைதான். சுவர் விரிசலிலிருந்து கருப்பட்டி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சீனி நான்கு சாண் தள்ளி இருந்தது.

மறுநாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். எறும்புகள் சீனியை மொய்த்தன. கருப்பட்டிக்கு நான்கைந்துதான் போயின. மூன்றாம் நாள், பொந்தை நடுவில் வைத்து அரைவட்டமாக நான்கையும் ஒரே தூரத்தில் வைக்கலாம் என்று சொன்னவள் ஒரு சிறுமி. நூலால் அளந்து வைத்தார்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் ஒரேமாதிரி இருக்கட்டும் என்பது ஆய்வு முறையின் உயிர்நாடி. பெரிய வகுப்பில் மாறி, மாறிலி என்று நாங்கள் வாய் வலிக்க நடத்தும் பாடம் அது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மூன்று நாளில் தாங்களாகவே கண்டார்கள். அந்தப் பையனிடம் "விஞ்ஞானிகள் தினமும் செய்வது இதைத்தான்" என்றேன். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதை நீங்கள் அப்படியே செய்யலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பார்ப்பதற்கு முன் ஊகத்தைச் சொல்லவைத்து எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். முன்கூட்டிச் சொன்னது தவறிப்போனால், "நீ தோற்றுவிட்டாய்" என்ற சொல் வகுப்பில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. "புதிதாக ஒன்று தெரிந்தது" என்று சொல்லிப் பழக்குங்கள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பார்த்தது, எண்ணியது, ஒரு படம். எழுத்துப்பிழையை அதில் திருத்தாதீர்கள். அது தமிழ்ப் பாட நோட்டு அல்ல.

பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போமா?" என்று சொல்லுங்கள். நம் ஊரில் ஆசிரியர் தெரியாது என்று சொல்வது மதிப்புக்குறைவு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. ஆனால் விஞ்ஞானியின் வேலை தொடங்குவதே அந்தச் சொல்லில்தான். அதை அவர்கள் முதலில் உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும். அதேபோல, ஒரு பிள்ளை எதையாவது அடித்துச் சொன்னால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அன்பாகக் கேளுங்கள். "ஆச்சி சொன்னாள்" என்பது ஒரு பதில். "நானே பார்த்தேன்" என்பது இன்னொரு பதில். "மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான்" என்பது வேறொன்று. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆச்சி சொன்னதைத் தள்ளச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்கிறேன். தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதை எப்படிச் சோதிப்பது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரே கோதுமை, ஒரே சட்டி, கிண்டுகிறவர் ஒருவரே, தண்ணீர் மட்டும் வேறு. தின்று பார்க்கிறவருக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியக்கூடாது. இவ்வளவையும் பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அல்வா கிண்ட வேண்டாம். ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்து, கண்ணைக் கட்டிக் குடிக்கவைத்தாலே அரைநாள் ஓடிவிடும்.

இனி, நம் சீமையில் விஞ்ஞானிகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஆய்வகம் இல்லை என்று வருந்தினீர்கள். திருநெல்வேலிச் சீமையைப் போல வாய்த்த இடம் குறைவு என்பேன்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் பறவைகள் வருகின்றன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அங்கே இறங்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே பைனாகுலரோடு நிற்பவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குளத்தில் ஆயிரக்கணக்கில் பறவை இருந்தால் எப்படி எண்ணுவார்கள்? முதலில் பத்தை எண்ணி, பத்து என்றால் இவ்வளவு இடம் என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போவார்கள். இதற்கு வகுப்பில் புளியங்கொட்டை போதும். ஒரு கை அள்ளித் தரையில் வீசி, ஐந்து எண்ணும் நேரம் காட்டிவிட்டுத் துணியால் மூடுங்கள். எத்தனை என்று ஆளுக்கொரு எண் சொல்லட்டும். பிறகு எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஊகம் எவ்வளவு நெருங்குகிறது என்று அவர்களே வியப்பார்கள்.

ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூரும் சிவகளையும். இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஆனாலும் ஒரே ஆற்றங்கரை. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. சுமார் 3200 ஆண்டு. தமிழக அரசு இதை 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தது. 3200 ஆண்டு என்பது ஆறு வயதுக்கு எட்டாத எண். அதை விட்டுவிட்டு, வகுப்புக் குப்பைக்கூடையைச் சாயங்காலம் ஒரு செய்தித்தாளில் மெல்ல, மேலிருந்து கீழாக எடுத்து வையுங்கள். மேலே கடைசி மணிக்குக் கிழித்த தாள். நடுவில் மதியம் தின்ற வாழைப்பழத்தோல். அடியில் காலையில் சீவிய பென்சில் தூள். எது முதலில் நடந்தது என்று கேளுங்கள். அடியில் இருப்பது பழையது என்று அவர்களே சொல்வார்கள். தொல்லியல் குழியில் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து, அளந்து, குறித்துக்கொண்டு இறங்குவது இதனால்தான் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். குப்பையில் பிளேடு, உடைந்த கண்ணாடி இல்லை என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

கிருஷ்ணாபுரம் என்றால் நமக்குக் கோயில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அதற்கு நம் ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, நமக்கு வெகு அருகே போகிறது. அதையொட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று வானில் ஓடுகிறது. அதைக் கவனிக்க வாகான இடம் இது. பிள்ளைகளுக்கு ஓர் ஊசியால் காட்டலாம். தையல் ஊசியை நூலில் நடுவாகக் கட்டி, கிடையாக நிற்கும்படி முதலில் சரிசெய்யுங்கள். பிறகு காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தடவித் தொங்கவிடுங்கள். வடக்கு தெற்காகத் திரும்பி, ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். இதே ஊசியை டெல்லியில் தொங்கவிட்டால் அதன் வடமுனை 40 பாகைக்கு மேல் தரையை நோக்கிச் சாய்ந்துவிடும். "நம் ஊரில் மட்டும் ஏன் சாயவில்லை?" என்ற கேள்வியோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும். விடையைப் பிறகு படித்துக்கொள்வார்கள். ஊசியை நீங்களே பிடியுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

மகேந்திரகிரியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் ஒன்றே ஒன்று. அங்கே ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். மிகக் குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுக்களை எரித்து ஓடுவது கிரையோஜெனிக் எஞ்சின். நம் நாட்டில் செய்த அந்த எஞ்சினோடு முதன்முதலாக 2010 ஏப்ரலில் போன ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரியில் அதே வகை ராக்கெட் வென்றது. இடையிலிருந்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் செய்தது என்ன? எங்கே தவறியது என்று தேடியதும் மறுபடி மறுபடி சோதித்ததும்தான். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை அது.

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அழைத்துப் போனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட நினைக்காதீர்கள். இரண்டு மூன்று பொருளை ஆசைதீரத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

வேலையைச் செய்து பழகிய பிறகு ஆட்களைக் காட்டுங்கள். முதலில் நம் ஊர்க்காரரையே காட்டுங்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். செங்கோட்டைக்கு பஸ் போகும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும் அல்லவா? அந்த பஸ் போகிற ஊரில் ஒரு சிறுமி பள்ளிக்குப் போனாள், இன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கும் கலத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அயல்நாட்டுப் பெரியவர்களின் கதைகள் அதன் பிறகு வரட்டும்.

சோடா உப்பும் வினிகரும் பொங்கும் எரிமலை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அதில் அவர்கள் ஊகிக்கவும் அளக்கவும் ஒன்றும் இல்லை. குப்பியில் புகை வரும் பழைய படத்தையே நாம் மறுபடி அச்சடிக்கிறோம். மாறுவேடப் போட்டிக்கு வெள்ளை அங்கி மாட்டிவிடுவதும் அப்படித்தான்.

மழையை அளக்கவும் வைக்கலாம். அடி தட்டையாக, பக்கம் நேராக உள்ள ஒரு பாத்திரமும் ஒரு ஸ்கேலும் போதும். வானிலைத் துறையினர் அளப்பதுபோல தினமும் காலை 8.30-க்கு எத்தனை மில்லிமீட்டர் என்று குறிக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சுவரில் அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டு, மூன்று வயதுத் தம்பி தங்கை யாரையாவது பக்கத்தில் நிறுத்துங்கள். தலை அந்தக் கோட்டைத் தொடும். அந்த மழையிலும் அளவு எடுக்க ஒருவர் இருந்தார், அதனால்தான் நமக்கு அந்த எண் தெரியும் என்று சொல்லுங்கள்.

ஆண்டு முழுவதும் ஓடுகிற ஒரு வேலை வேண்டுமென்றால், நான் ஒன்றைத்தான் சொல்வேன். பள்ளி மைதானத்தில் வெயில் மறையாத இடத்தில் ஒரு கம்பை நேராக நடுங்கள். தரைக்கு மேல் சரியாக 50 சென்டிமீட்டர் நிற்கட்டும். நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டால் பார்க்கவேண்டும். யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவிடம் அது இருக்கும். வாரம் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் 12.20-ஐ ஒட்டி, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்துத் தேதி எழுதுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின்னாகும், இந்த வயதுக்கு அது போதும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால், நிழல் தெற்கே விழுவதைப் பார்ப்பீர்கள். 13 சென்டிமீட்டர் அளவு இருக்கும். ஆடி முடிந்து ஆவணி வர வர அது குறுகும். ஆகஸ்ட் 30-ஐ ஒட்டி ஒரு நாள் கம்புக்கு நிழலே இருக்காது. பிறகு வடக்குப் பக்கம் எட்டிப்பார்த்து, நீண்டுகொண்டே போய், டிசம்பர் கடைசியில் 31 சென்டிமீட்டரை எட்டும். அங்கிருந்து திரும்பும். ஏப்ரல் 12-ஐ ஒட்டி மறுபடி நிழல் காணாமல் போகும். கல் வரிசையைப் பார்த்து, "அடுத்த வாரம் நிழல் எதுவரை வரும்?" என்று கேளுங்கள். அடுத்த கல்லின் இடத்தைப் பிள்ளைகள் முன்கூட்டியே சாக்பீஸால் குறித்துவைப்பார்கள். அக்டோபருக்குள் அவர்கள் குறிக்கும் இடம் ஏறக்குறைய சரியாக வரத் தொடங்கும். இதை நான் மூன்று பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

நிழலில்லாத நாளன்று எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, கையில் ஆளுக்கொரு டம்ளரைக் கொடுத்துத் தரையில் கவிழ்க்கச் சொல்லுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடவேண்டும். குனிந்து நிழலைத்தான் பார்க்கவேண்டும். சாரல் பருவத்து மேகம் மேற்கிலிருந்து வந்து மறைத்துவிட்டால் மனம் தளர வேண்டாம். மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். சூரியன் ஒரு நாளில் நகர்வது பாதிப் பாகைக்கும் குறைவு. உங்கள் 50 சென்டிமீட்டர் கம்புக்கு மூன்று மில்லிமீட்டர் நிழல்தான் வந்திருக்கும், அதை எந்தப் பிள்ளை முதலில் கவனிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.